பூட்டாத வீட்டுக்கு 'டோர் லாக்டு': எங்கள் பேரூராட்சியில் தபால் பட்டுவாடா

கீழத்திண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள பேரூராட்சி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாடகைக் கட்டடம் ஒன்றில் துணை அஞ்சலகம் இயங்குகிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் கிளை அஞ்சலகங்களுக்கும் தபால் அங்கிருந்துதான் பிரிந்து செல்கிறது.

சென்ற ஐப்பசி மாதம் என் தங்கை மகளுக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்புக் கடிதம் விரைவுத் தபாலில் அனுப்பப்பட்டது. அது வீட்டுக்கு வரவே இல்லை. தேர்வு நடந்து முடிந்து ஒன்பது நாள் கழித்து அந்த அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் கடிதம் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். கெஞ்சிக் கேட்டு உறையின் படத்தை வாங்கினோம். முகவரிக்குக் குறுக்கே சிவப்பு மையில் 'டோர் லாக்டு' என்று எழுதி, அதன் கீழே தேதியும் சுருக்கொப்பமும் இடப்பட்டிருந்தன. அந்த வாரம் முழுவதும் விடாத மழை. என் அம்மா திண்ணையை விட்டு எங்கும் நகரவில்லை. எங்கள் வீட்டுக் கதவைப் பகலில் பூட்டும் வழக்கமும் இல்லை.

எங்கள் தெருவுக்கு இருபத்தேழு ஆண்டுகள் தபால் கொடுத்தவர் அதற்கு முந்தைய ஆண்டு ஓய்வு பெற்றார். அவர் இருந்தவரை எங்களுக்கு ஒரு கடிதம்கூடத் தவறியதாக நினைவில்லை. யாரையும் தண்டிக்க வேண்டும் என்பது என் நோக்கம் அன்று. பூட்டாத வீட்டைப் பூட்டியிருந்ததாக எழுதும் நிலை எப்படி ஏற்படுகிறது என்பதையும், இனி அப்படி நேராதிருக்க நாங்கள் செய்யக்கூடியது என்ன என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய_பைக்காரர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்து மனம் வருந்தினேன். நான் முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்தவன். முதல் பதினொரு ஆண்டுகள் தபால்காரராகப் பை சுமந்தேன். பிறகு துறைத் தேர்வு எழுதி எழுத்தராகி, உங்கள் ஊரைப் போன்ற துணை அஞ்சலகங்களில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றேன். உள்ளே நடப்பதை அறியாதவர்களுக்கு இந்தக் குறை விளங்காது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் தபால் வண்டியிலோ பேருந்திலோ பைகள் வந்து இறங்கும். பையைப் பிரித்து, உள்ளிருக்கும் பட்டியலோடு எண்ணிக்கையை ஒத்துப் பார்த்து, தேதி முத்திரை அடித்து, பீட் வாரியாகக் கட்டுகளைப் பிரிப்போம். ஒரு தபால்காரர் சுற்றிவரும் தெருக்களைத்தான் பீட் என்கிறோம். தபால்காரர் தம் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தாம் நடக்கப்போகும் வழியின் வரிசைப்படி கடிதங்களை ஒவ்வொன்றாக அடுக்குவார். பிள்ளையார் கோவில் முக்கில் இடப்பக்கம் திரும்பினால் எந்த வீடு முதலில் வரும், சந்து எங்கே முட்டும், எதிர்ச்சாரி வீடுகளைப் போகும்போது கொடுப்பதா திரும்பும்போது கொடுப்பதா என்பதெல்லாம் அந்த அடுக்கிலேயே முடிவாகிவிடும். பீட்டை நன்கு அறிந்தவர் முக்கால் மணி நேரத்தில் அடுக்கிவிடும் கட்டைப் புதிதாக வந்தவர் இரண்டு மணி நேரமானாலும் அடுக்கி முடிக்க மாட்டார். முடித்தாலும் பத்துக் கடிதங்களாவது இடம் தெரியாமல் கையில் மிஞ்சும்.

இந்த மிஞ்சும் கடிதங்களிலிருந்துதான் உங்கள் துன்பம் தொடங்கியிருக்கும் என்று எண்ணுகிறேன். ஒருவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் பல மாதங்கள் காலியாகக் கிடப்பதும், அந்தப் பீட்டை இரண்டாகக் கிழித்துப் பக்கத்துப் பீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவதும், அல்லது பதிலாள் ஒருவரை வைத்து ஓட்டுவதும் எல்லா ஊர்களிலும் நடக்கின்றன. பதிவு எண்ணுள்ள ஒவ்வொரு தபாலுக்கும் அன்று மாலைக்குள் ஒரு முடிவைக் கைப்பேசியில் பதிய வேண்டும். கொடுத்திருந்தால் கையொப்பம் இருக்கும். கொடுக்கவில்லையென்றால் காரணம் வேண்டும். வீடு கண்டுபிடிக்க முடியவில்லை என்று உண்மையை எழுதினால் மேலிருந்து கேள்வி வரும். 'டோர் லாக்டு' என்றால் கேள்வி வராது.

நான் காரணத்தைச் சொல்கிறேனே தவிர நியாயம் கற்பிக்கவில்லை. போகாத வீட்டைப் பூட்டியிருந்ததாக எழுதுவது பொய்க்குறிப்பு. உண்மையாகவே வீடு பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டு ஒன்றை வீட்டில் போட வேண்டும். தபாலை ஏழு நாட்கள் அஞ்சலகத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் நேரில் சென்று பெற்றுக்கொள்ளலாம். அந்தச் சீட்டு உங்களுக்கு வந்ததா?

கீழத்திண்ணை எழுதியது:

ஐயா, நன்றி. சீட்டு எதுவும் வரவில்லை. அப்படி ஒரு சீட்டு உண்டு என்பதையே இப்போதுதான் அறிகிறேன்.

மலையடிவாரம் எழுதியது:

பெரியவர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் ஆள் பற்றாக்குறை என்பது துறையின் சிக்கல். அதைக் கடிதம் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் இறக்கிவைக்க முடியாது. எங்கள் பகுதியிலும் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்ட அறிவிப்புகள் கூட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேருகின்றன. சாதாரணத் தபாலுக்கு எண்ணே கிடையாது என்பதால் யாரிடமும் முறையிடவும் முடிவதில்லை. அந்தப் பெண் இழந்த வாய்ப்புக்கு யார் ஈடு கொடுப்பார்கள்?

வழக்குமேசை எழுதியது:

ஈடு பற்றிய கேள்விக்கு விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் தவறான கையில் சேர்ந்தாலும் அரசுக்குப் பொறுப்பில்லை என்று பொதுவாக விலக்கு அளித்திருந்தது. அதற்கு மாற்றாக வந்து 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கும் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த விலக்கை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. ஊழியர் வேண்டுமென்றோ மோசடியாகவோ செய்திருந்தால் மட்டும் அவர் பொறுப்பாவார். விரைவுத் தபால் தாமதமானால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். தொலைந்துபோனால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது கிடைக்கும். வேலை வாய்ப்பு போனதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பொதுக்கூறுகள் சட்டம், 1897-இன் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரியிட்டுக் கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு உரியவரிடம் சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது முறைப்படி சேர்ந்ததாகவே, கருதப்படும். இல்லை என்றால் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் பெறுநர்தான். பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்குகளில் 'டோர் லாக்டு' என்று திரும்பும் உறையைக் காட்டியே அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது என்று வழக்கறிஞர்களாகிய நாங்கள் வாதிடுவோம். சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை உறுதிப்படுத்தியது. அறிவிப்பைப் பெற்ற 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டினால் வழக்கே வராது. ஆனால் தபால்காரர் தெருவுக்கே வராமல் உறையின் மேல் இரண்டு சொற்களை எழுதிவிட்டால், பெறாத அறிவிப்புக்காக ஒருவர் நீதிமன்றப் படியேற வேண்டியதாகிறது. அந்த இரண்டு சொற்களின் எடை எவ்வளவு என்பது எழுதுகிற கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதையும் இங்குப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பழைய பதிவுத் தபால் பெயருக்கு உரியவரிடமோ அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவரிடமோதான் கொடுக்கப்படும். விரைவுத் தபால் முகவரிக்கு உரியது. அந்த வீட்டில் இருக்கும் எவரும் கையொப்பமிட்டு வாங்கலாம். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், விரைவுத் தபால் கட்டணத்தோடு 5 ரூபாயும் வரியும் சேர்த்துக் கட்டினால் 'பதிவு' வசதி கிடைக்கும். அப்போது பெயருக்கு உரியவரிடமே சேர்ப்பார்கள். அறிவிப்பு அனுப்புவோர் கவுண்டரில் இதை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

கிளை_அஞ்சலகம் எழுதியது:

நான் கிராமிய அஞ்சல் ஊழியர். இழையில் பெரும்பாலும் நகரப் பீட்டைப் பற்றியே பேச்சு நடப்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நாட்டில் ஏறத்தாழ 1.64 லட்சம் அஞ்சலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எங்களைப் போன்றவர்கள் நடத்தும் கிளை அஞ்சலகங்கள். எங்களுக்குக் கணக்கில் உள்ள வேலை நேரம் நான்கு அல்லது ஐந்து மணி நேரம். 2018-இல் திருத்தப்பட்டபோது, அந்த நேரத்துக்கு ஏற்பக் கிளை போஸ்ட்மாஸ்டருக்குத் தொடக்க ஊதியம் 12,000 அல்லது 14,500 ரூபாய், உதவி போஸ்ட்மாஸ்டருக்கு 10,000 அல்லது 12,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதோடு அகவிலைப்படி உண்டு. நாங்கள் வகிப்பது அரசின் குடிமுறைப் பதவிதான் என்று 1977-இல் ராஜம்மா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயினும் நிரந்தர ஊழியருக்கு உரிய ஓய்வூதியம் எங்களுக்கு இன்றுவரை இல்லை.

அந்த நான்கு மணி நேரத்துக்குள் பையைப் பிரிக்க வேண்டும், சேமிப்புக் கணக்கில் பணம் போட்டு எடுக்க வேண்டும், ஊரகக் காப்பீட்டுத் தவணை வாங்க வேண்டும், கைரேகை வைத்துப் பணம் கேட்டு வருபவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும், முதியவர்களுக்கு உயிர்வாழ்வுச் சான்று எடுத்துக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு மூன்று ஊர்களுக்கு என் சொந்த வண்டியில் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும். கணக்குத் தொடங்கும் இலக்கைப் பற்றித் தினமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். சாதாரணக் கடிதங்கள் எத்தனை பட்டுவாடா ஆயின என்று என்னிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. எதைக் கேட்கிறார்களோ அது நடக்கும், கேட்காதது பின்தங்கும். வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

எனினும், போகாத வீட்டுக்குப் போனதாக நான் ஒருநாளும் எழுதியதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மலையடிவாரம் எழுதியது:

தோழர், என் சொல் உங்களைக் காயப்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணில் வராத வேலையைத்தான் நானும் எண்ணில்லாத தபால் என்று எழுதினேன். இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்.

சிற்றேட்டுக்காரர் எழுதியது:

சிற்றிதழ் ஒன்றைச் சிறு நகரத்திலிருந்து நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பதிவு பெற்ற இதழ்களுக்கு அஞ்சல் துறை அளிக்கும் சலுகைக் கட்டணம் எங்களுக்குப் பெரும் துணை. அதற்காகத் துறைக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் புத்தகங்களுக்கு இருந்த பதிவுப் புத்தகத் தபால் வசதியை 2024 டிசம்பரில் முன்னறிவிப்பின்றி நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் கட்டோடு நின்றபோதுதான் கணினியில் அந்தப் பிரிவே இல்லை என்று ஊழியர் சொன்னார். அவருக்கும் அன்று காலைதான் தெரியும். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்ற அளவில் மாற்று வசதி வந்தது. இடைப்பட்ட மாதங்களில் புத்தகம் அனுப்ப ஆன செலவு சில நூல்களின் விலையையே தொட்டுவிட்டது.

பட்டுவாடாவைப் பொறுத்தவரை, திரும்பி வரும் எங்கள் இதழ்களை நான் தூக்கிப் போடுவதில்லை. மேலுறைகளை ஒரு கோப்பில் சேர்த்துவைக்கிறேன். சென்ற ஆண்டுக்குரிய கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே சந்தாதாரர், ஒரே முகவரி. நான்கு இதழ்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன, இரண்டு இதழ்கள் 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பியிருக்கின்றன. வீடு மாறவில்லை, கொண்டுபோன ஆள்தான் மாறியிருக்க வேண்டும்.

பழைய_பைக்காரர் எழுதியது:

சிற்றேட்டுக்காரர் சொன்ன அந்த இரண்டு இதழ்கள் முகவரிச் சிக்கலுக்கு நல்ல சான்று. இதைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை.

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றைக் குறிக்கும்; முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும்; கடைசி மூன்று அஞ்சலகத்தைச் சொல்லும். அதாவது அந்த எண் கடிதத்தை அஞ்சலகத்தின் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். பல கிளை அஞ்சலகங்களுக்கு அவற்றின் துணை அஞ்சலகத்தின் எண்ணே என்பதால் சில வேளைகளில் அதுவும் முழுமையாக இராது. வாசலிலிருந்து வீடு வரை கொண்டுபோவது மனிதனின் நினைவுதான்.

நம் ஊர்களில் அந்த நினைவுக்கு வேலை அதிகம். ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. சொத்து வரி ரசீதில் ஒன்று, குடும்ப அட்டையில் இன்னொன்று. கோவிலைச் சுற்றியுள்ள தெருவை நாம் மேல ரத வீதி என்போம். கடிதத்தில் 'வெஸ்ட் கார் ஸ்ட்ரீட்' என்று வரும். கார் என்றால் தேர் என்பதும், மேல என்றால் மேற்கு என்பதும் இந்த மண்ணில் புழங்கியவருக்குத்தான் எடுத்த எடுப்பில் தோன்றும். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்கில்லை. தந்தை பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம். ஒரே தெருவில் ஐந்து செல்வராசு இருந்தால் அந்த ஓர் எழுத்தே அவர்களைப் பிரித்துக் காட்டும். கணினியில் ஏற்றும்போது அந்த எழுத்து பெயருக்குப் பின்னால் போகிறது, சில வேளைகளில் விழுந்தே போகிறது. என் பீட்டில் 'மாவு மில் செல்வராசு', 'வாத்தியார் செல்வராசு' என்று மனத்தில் எழுதிவைத்திருந்தேன். நான் இடம் மாறியபோது அது என்னோடே வந்துவிட்டது. எனக்குப் பின் வந்தவருக்கு நான் விட்டுச்சென்றது வெறும் பைதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

2019 ஜூலையில் அஞ்சல் துறைத் தேர்வைத் தமிழ் முதலிய மொழிகளில் நடத்தாமல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தி, நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்த பின் ரத்து செய்தார்களே, அப்போது பலர் அதை வெறும் அரசியலாகப் பார்த்தார்கள். தெருப் பெயரைப் படித்த மாத்திரத்தில் திசை தெரிய வேண்டிய வேலைக்கு ஊர்மொழி அடிப்படைத் தகுதி என்பதே என் கருத்து. வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெருவைக் கற்றுக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

2025 மே மாதம் வெளியிட்ட 'டிஜிபின்' என்ற மின்னணு முகவரிக் குறியீடு பத்து எழுத்துகளில் நான்கு மீட்டர் சதுரத்தையே குறித்துவிடும் என்பதை அறிவேன். ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமும் துறையோடு சேர்ந்து உருவாக்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் அனுப்புகிறவர் அதை உறையில் எழுதினால்தானே பயன்படும்?

அம்மா, நீங்கள் செய்யக்கூடியவை இவை. தபால் எண்ணையும் உறையின் படத்தையும் இணைத்து, அறிவிப்புச் சீட்டு வரவில்லை என்பதைக் குறிப்பிட்டு, கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், துறை நடத்தும் குறைதீர் கூட்டமான அஞ்சல் அதாலத்தில் வையுங்கள். கூடவே உங்கள் தெருவின் பழைய எண், புதிய எண் பட்டியலை உள்ளூர் அஞ்சலகத்தில் கொடுங்கள்.

கீழத்திண்ணை எழுதியது:

நடந்ததைச் சொல்ல ஐந்து வாரங்கள் கழித்து வருகிறேன்.

கண்காணிப்பாளருக்கு எழுதினேன். விசாரணைக்கு ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிச் சென்றார். எங்கள் பீட் ஏழு மாதமாகக் காலியாக இருந்ததும், அன்று தபால் கொண்டுபோனவர் பதிலாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தன. எங்கள் கடிதத்தில் தெருவின் பெயர் 'லோயர் ஸ்ட்ரீட்' என்று இருந்திருக்கிறது. கீழத் தெரு என்பது கிழக்குத் தெரு. யாரோ ஒருவர் அதைத் தாழ்ந்த தெரு என்று மொழிபெயர்த்து விண்ணப்பத்தில் ஏற்றியிருக்கிறார். அந்த விண்ணப்பத்தை நிரப்பியது கணினி மையத்தில் இருந்த ஒரு பையன். சரிபார்க்காமல் கையொப்பமிட்டது எங்கள் பிள்ளை. இதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் வீடு பூட்டியிருந்ததாக எழுதியது தவறுதான் என்று ஆய்வாளரும் ஒப்புக்கொண்டார். போன வாய்ப்பு போனதுதான். அவள் அடுத்த அறிவிப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது எங்கள் பீட்டுக்கு நிரந்தரமாக ஒரு பெண் வந்திருக்கிறார். இருபத்து மூன்று வயது, வடமாவட்டத்தைச் சேர்ந்தவர். பெரியவர் இங்கே நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுதியதை எங்கள் பழைய தபால்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போய்விட்டார். போஸ்ட்மாஸ்டரின் சம்மதத்தோடு மூன்று நாட்கள் அந்தப் பெண்ணுடன் தெருத்தெருவாக நடந்தார். முழங்கால் வலியால் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, 'இந்த வீட்டுக்குப் பழசு பதினாலு, புதுசு முப்பத்தொண்ணு. தபால் ரெண்டு நம்பருக்கும் வரும்' என்று அவர் சொல்ல, அந்தப் பெண் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். இனிஷியல் விழுந்த செல்வராசுகள் எங்கள் ஊரில் நான்கு பேர் இருக்கிறார்களாம்.

நோட்டில் இன்னும் பள்ளிவாசல் தெருவும், மேட்டுத் தெருவும், புதிய குடியிருப்பின் ஆறு குறுக்குத் தெருக்களும் பாக்கி. குறுக்குத் தெருக்களில் பெயர்ப்பலகை கிடையாது என்பதால் வரும் ஞாயிற்றுக்கிழமை பேரூராட்சி வார்டு உறுப்பினரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் நால்வர் போகிறோம்.